வலது முழங்கையில் ஒரு ஒட்டு

நாடு சுதந்திரம் அடைந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்த சமயம். மைசூரிலிருந்து நஞ்சன்கூடு வழியாகக் குண்டலுபேட்டைக்கு ஓடிக்கொண்டிருந்த ஒரு தனியார் பஸ்ஸுக்கு நான் டிரைவர். சொந்த ஊர் கௌதள்ளிப் பக்கம். எங்கள் ஊர் அப்போது கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது. ஆகவே மைசூரில் என்னை வெளியூர்க்காரன் என்றார்கள். ஊருக்குப் போனால் மைசூர்க்காரன் என்றார்கள். எனக்கு இரண்டும் பிடித்துத்தான் இருந்தது.

அந்தக் காலத்துப் பஸ் டிரைவருக்கு இருந்த மவுசு இன்றைக்குச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். என் வண்டி மூக்கு நீண்ட வண்டி. காலையில் முன்னால் நின்று ஹேண்டில் போட்டுச் சுற்றினால்தான் உயிர் வரும். ஸ்டியரிங் கல்லுரலைத் திருப்புவது மாதிரி கனக்கும். போதாக்குறைக்கு மேட்டில் ஏறும்போது கியர் தானாக நழுவிக்கொள்ளும். அதனால் இடது கை எப்போதும் கியர்க் கம்பியிலேயே இருக்க வேண்டும். மிச்சமிருப்பது வலது கை ஒன்றுதான். அந்த ஒற்றைக் கையால் அவ்வளவு பெரிய வண்டியை வளைத்து ஒடித்துக் கொண்டுபோக, முழங்கையை ஜன்னல் விளிம்பில் ஊன்றிக்கொள்வேன். ஊன்றினால் பலம் கிடைக்கும். அதோடு, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அப்படி உட்கார்ந்தால் பார்க்கவும் நன்றாக இருக்கும். வழியில் ஏர் ஓட்டுகிறவர்களும் ஆடு மேய்க்கிறவர்களும் என்னைப் பார்த்துக் கையைத் தூக்குவார்கள். நானும் முழங்கையை எடுக்காமலே நாலு விரலை மட்டும் தூக்கிக் காட்டுவேன். குட்டி மகாராஜா என்று நினைப்பு.

காலை ஆறு மணி டிரிப்தான் எனக்குப் பிரியம். இடப்பக்கம் சாமுண்டி மலை இன்னும் முழுதாக விடியாமல் நிற்கும். நஞ்சன்கூட்டுக்கு முன்னால் கபிலா நதிப் பாலத்தில் வண்டி ஏறும்போது கீழே தண்ணீர் தெரியாது. பனி மட்டும் தெரியும். பஸ்ஸில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். விழித்திருப்பவன் நான் ஒருவன்தான், நானும் பாதிதான். சாலையின் இரண்டு பக்கத்துப் புளியமரங்களும் மேலே கை கோத்துக்கொண்டு நிற்கும். அதற்குள்ளே போகும்போது வண்டியை நான் ஓட்டுகிறேனா, சாலைதான் எங்களை இழுத்துக்கொண்டு போகிறதா என்று தெரியாது.

எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம் பெண் குழந்தை பிறந்தது. அதற்கு மூன்றாவது மாதம் நடக்கும்போதுதான் என் வலது கைச் சுண்டுவிரல் மரக்க ஆரம்பித்தது.

முதலில் நான் அதைச் சட்டை செய்யவில்லை. டிரிப் முடிந்து கையை உதறினால் சரியாகிவிடும். பிறகு உதறினாலும் போகவில்லை. பக்கத்து மோதிர விரலுக்கும் பரவியது. களியைப் பிட்டு உருட்டும்போது அந்த இரண்டு விரலும் வேறு யாருடையதோ போலக் கூட வரும், அவ்வளவுதான். சட்டைப் பொத்தான் போடுவதற்குத் தடுமாற்றம். தூக்கத்தில் விரல் தொலைந்துபோய்ச் சந்தையில் தேடி அலைகிற மாதிரி கனவு வரும். விடிந்து பார்த்தால் விரல் இருக்கும், உணர்ச்சி இருக்காது.

ஒருநாள் குண்டலுபேட்டையில் வண்டியை நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினேன். மூடியைத் துணியால் பிடித்துத் திறந்துவிட்டு நிமிர்ந்தபோது எங்கள் கண்டக்டர் பதறிக்கொண்டு ஓடி வந்தான். என் சுண்டுவிரல் கொதிக்கிற இரும்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. தோல் வெந்து கொப்புளம் கிளம்பிவிட்டது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

நான் கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். ஏனென்று சொல்கிறேன். எங்கள் ஊரில் என் அப்பாவுக்குப் பெரியப்பா மகன் ஒருவர் இருந்தார். நான் சிறுபிள்ளையாக இருந்தபோது அவருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அடுப்பில் கை பட்டும் சுடவில்லை என்றார். முதலில் சிரித்தார்கள், பிறகு யாரும் சிரிக்கவில்லை. பெருவியாதி, குஷ்டம் என்று ஊரே சொல்லிற்று. காட்டோரத்தில் ஒரு குடிசை போட்டு அவரை அங்கே உட்கார வைத்தார்கள். சோறு வரப்பில் வைக்கப்படும், அவர் வந்து எடுத்துக்கொள்வார். நாங்கள் அந்தப் பக்கம் போனால் தூரத்திலிருந்து கையைத் தூக்கிக் காட்டுவார். நான் ஒருநாளும் திருப்பிக் கை காட்டியதில்லை. எனக்குப் பெண் பார்த்தபோது எங்கள் வீட்டார் அப்படி ஒருவர் இருந்ததையே பெண் வீட்டுக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

எனக்கும் வந்துவிட்டது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். டாக்டரிடம் போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். போனால் பெயர் வைத்துவிடுவார்களே. பெயர் வைக்காதவரைக்கும் நான் டிரைவர், வைத்துவிட்டால் குடிசைதான். அப்படித்தான் அப்போது என் புத்தி ஓடிற்று.

அன்று முதல் என் குழந்தையை நான் தொடவில்லை.

எனக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பாய் தனியாக வைத்துக்கொண்டேன். நானே கழுவினேன். வீட்டுக்குள் நுழைந்ததும் குழந்தை என்னைப் பார்த்துக் கால்களை உதைத்துக்கொண்டு சிரிக்கும். நான் ஏதோ அவசரக் காரியம் இருப்பதுபோலக் கொல்லைப்பக்கம் போய்விடுவேன். அங்கே நின்று அது என்னைத் தேடிக் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். நஞ்சன்கூட்டில் ரசபாளை வாழைப்பழம் வாங்கி வருவேன். மனைவி கையில் கொடுக்காமல் கீழே வைப்பேன். அவள் ஒன்றும் கேட்காமல் எடுத்துக்கொள்வாள். கேட்காமல் இருந்ததுதான் எனக்கு இன்னும் பயம்.

சாலையில் மாத்திரம் நான் பழைய ஆளாக இருந்தேன். முழங்கை ஜன்னலில், விரல் ஸ்டியரிங்கில். ஆனால் சாலையும் மாறிக்கொண்டு வந்தது. மரங்கள், மைல்கற்கள், கை காட்டுகிறவர்கள் எல்லோரும் மெல்லிய வேட்டிக்கு அந்தப் பக்கம் இருப்பது மாதிரி தெரிந்தார்கள். எதிர்க்காற்று முகத்தில் படும், நான் எங்கேயோ இருப்பேன். குழந்தை வளர்ந்து பெரியவளாகி என் பஸ்ஸிலேயே ஏறி, என்னை யாரென்று தெரியாமல் டிக்கெட் வாங்கிக்கொண்டு இறங்கிப்போவதாக ஒரு கற்பனை அடிக்கடி வரும். பல தடவை நஞ்சன்கூடு தாண்டியது எனக்கே தெரியாது.

குண்டலுபேட்டை டீக்கடைக்கும் நான் சொந்த டம்ளர் கொண்டுபோக ஆரம்பித்தேன். எங்கள் கண்டக்டர் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். பையன் என்றாலும் என்னைவிட நாலு வயதுதான் சின்னவன். வாய் ஓயாது. பாதி தமிழ், பாதி கன்னடம்.

"ஏனு அண்ணே இது? புதுசா மடி ஆச்சாரம்? அடுத்த மாசம் பூணூல் போட்டுக்குவீங்களா?" என்று கடைக்காரர் முன்னாலேயே கேலி செய்தான். நானும் சிரித்துவைத்தேன்.

இப்படி ஐந்து மாதம் ஓடிற்று. ஒருநாள் சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது மனைவி என் காக்கிச் சட்டையை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். என் சட்டைக்கு எப்போதும் வலது முழங்கைதான் முதலில் கிழியும். அவள் அதன்மேல் ஒட்டுப் போடுவாள், ஒட்டும் கிழியும், ஒட்டின்மேல் இன்னொரு ஒட்டுப் போடுவாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, நிமிராமலே கேட்டாள்.

"ஏனுங்க, பொட்டப்புள்ளையாப் பொறந்துபோச்சுன்னுதானுங்க தொடமாட்டேங்கறீங்க?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல புள்ள" என்றேன்.

"அப்ப வேற என்னன்னு சொல்லிப்போடுங்க. எங்கிட்டத்தான் கோவமுன்னாலும் சொல்லுங்க, கேட்டுக்கறன். அந்தக் கொழந்த என்னுங்க பண்ணுச்சு?"

அவள் சட்டையை மடித்து வைத்தாள். விடிந்ததும் அவளுடைய அண்ணன் வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். அண்ணன் வீடு குண்டலுபேட்டையில். அதாவது அவள் போகப்போவது என் பஸ்ஸில்.

அப்படியே வந்தாள். ஆறு மணி டிரிப்புக்கு ஒரு தகரப் பெட்டியும் குழந்தையுமாக ஏறி, எனக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்தாள். கண்டக்டர் "வாங்க அண்ணி" என்று வாயெல்லாம் பல்லாக வரவேற்றான். பிறகு எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, டிக்கெட் கிழிக்கப் பின்பக்கம் போய்விட்டான்.

அன்றைய டிரிப்பை என்னால் மறக்கவே முடியாது. அன்று பார்த்துக் கபிலாப் பாலத்தில் பனி அப்படி இறங்கியிருந்தது. மேகத்தின்மேல் ஓட்டுகிற மாதிரி மெதுவாக ஓட்டினேன். குழந்தை தூங்கவில்லை. பின்னாலிருந்து அதன் மழலை வந்துகொண்டே இருந்தது. பாலத்தின் நடுவில் அது எட்டி என் சட்டையின் பின்கழுத்தைப் பிடித்துக்கொண்டது. பிடித்தது விடவில்லை. அவளும் பிரித்துவிடவில்லை. ஐந்து மாதத்துக்குப் பிறகு என்மேல் அந்தக் கை. பாலம் முடியவே கூடாது, சாலை முடியவே கூடாது, இப்படியே நீலகிரி தாண்டிக் கடல் வரைக்கும் ஓட்டிக்கொண்டே போய்விடலாம் என்று இருந்தது. ஆனால் குண்டலுபேட்டை வந்துவிட்டது. அவள் இறங்கினாள். திரும்பிப் பார்ப்பாள் என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் திரும்பவில்லை. அவள் தோளில் கிடந்த குழந்தை பார்த்தது.

டீக்கடையில் கண்டக்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கேலி இல்லை. "சொல்லுங்க அண்ணே" என்றான். நான் சொல்லிவிட்டேன். விரல், ரேடியேட்டர், எங்கள் ஊர்க் குடிசை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சொல்லி முடித்துவிட்டு, இவன் இப்போது எழுந்து தள்ளி உட்காரப்போகிறான் என்று காத்திருந்தேன்.

அவன் என் சொந்த டம்ளரைக் கையில் எடுத்தான். அதில் பாதி டீ மிச்சமிருந்தது. மடமடவென்று அதைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான். "இத்தனை மாசம் ஒரே பெல்லுக்கு ஓடறோம். வர்றதுன்னா எனக்கும் வந்திருக்கும். நாளைக்கு லீவு போடுங்க, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றான். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து நான் தேம்பித் தேம்பி அழுதேன். எனக்கு வெட்கமாகவே இல்லை.

ஆஸ்பத்திரியில் அந்த வியாதிக்காரர்கள் உட்காரத் தனியாக ஒரு நீளப் பெஞ்சு. காலில் கட்டுப் போட்டிருந்த ஒருவர் என்னைப் பார்த்து நகர்ந்து இடம் கொடுத்து, கன்னடத்தில் உட்காரச் சொன்னார். நான் பரவாயில்லை என்று சொல்லி நின்றுகொண்டேன். எனக்கும் அதே வியாதி என்று நம்பித்தான் வந்திருக்கிறேன். ஆனாலும் அவர் பக்கத்தில் உட்கார மனசு வரவில்லை. மனுஷப் புத்தியைப் பாருங்கள்.

உள்ளே இருந்தது ஒரு லேடி டாக்டர். நாற்பது வயது இருக்கும். என் கன்னடத்தைக் கேட்டதும் தமிழுக்கு மாறிக்கொண்டார். மைசூர் ஐயங்கார் வீட்டுத் தமிழ். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிப் பஞ்சால் என் விரல்களைத் தொட்டார். தொடும்போதெல்லாம் சொல்ல வேண்டும். மோதிர விரலில் ஒரு விசித்திரம். அதன் நடுவிரல் பக்கத்துப் பாதி தெரிந்தது. சுண்டுவிரல் பக்கத்துப் பாதி தெரியவில்லை. ஒரே விரலில் நடுவே கோடு கிழித்த மாதிரி. அதை அவர் இரண்டு தடவை பார்த்தார். முதுகு, காது, புருவம் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

போட்டுக்கொண்டேன். அவர் எழுதப்போனவர் நிறுத்திவிட்டு என் கையையே பார்த்தார்.

"இந்த ஒட்டு யார் போட்டது?"

"எம் சம்சாரமுங்க."

"ஒட்டு மேல ஒட்டா இருக்கே. எடது முழங்கைக்கு ஒண்ணுகூட இல்லையே. என்ன வேலை பாக்கறீங்கோ?"

டிரைவர் என்றேன். பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்து பஸ் ஓட்டுகிற மாதிரி காட்டச் சொன்னார். இதென்ன கூத்து என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தேன். இடது கை தானாகக் கியருக்குப் போயிற்று. வலது கை ஸ்டியரிங்குக்குப் போயிற்று. நான் நினைக்கவே இல்லை, என் முழங்கை தானே தேடிக்கொண்டு போய் அவருடைய மேஜை விளிம்பில் ஊன்றிக்கொண்டது. டாக்டர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

பிறகு என் கையை மடித்து, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டார். முழங்கை கறுத்துக் காய்த்துப் போயிருந்தது. உள்பக்கம் எலும்பு புடைத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்துப் பள்ளத்தில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். சுளீரென்று கரண்ட் அடித்த மாதிரி சுண்டுவிரல் நுனி வரைக்கும் ஓடிற்று. ஐந்து மாதமாகச் செத்துக்கிடந்த விரல். நான் முக்காலியைவிட்டு எழுந்துவிட்டேன்.

அவர் விளக்கிச் சொன்னது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. கைக்குப் போகிற நரம்புகளில் ஒன்று முழங்கையில் அந்தப் பள்ளத்தின் வழியாகப் போகிறது. அங்கே அதற்கு மேலே சதை கிடையாது, வெறும் தோல்தான். முழங்கையை இடித்துக்கொண்டால் சுரீரென்கிறதே, அது அந்த நரம்புதான். சுண்டுவிரலுக்கும் பாதி மோதிர விரலுக்கும் உணர்ச்சி கொண்டுபோவது அது. நான் வருஷக்கணக்காகத் தினமும் எட்டு மணி நேரம், கையை மடக்கியபடி, அதிர்கிற இரும்பு விளிம்பில் அந்த நரம்பைப் போட்டு நசுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். வலி முழங்கையில் வந்திருந்தால் அப்போதே எடுத்திருப்பேன். அது விரலில் போய் மரப்பாக வந்ததால் எனக்குத் தெரியவில்லை.

"அந்த வியாதியும் இதே நரம்பைப் பிடிக்கும், அதனால சோதனை பண்ணாம சொல்ல மாட்டேன். எனக்கென்னவோ தோணலை. அப்படியே இருந்தாலும் இப்ப அதுக்கு மாத்திரை இருக்கு. ஆத்தை விட்டு ஓட வேண்டாம்" என்றார். காது மடலில் சின்னதாகக் கீறி எடுத்துக்கொண்டு ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்.

அந்த ஒரு வாரம் எனக்கு ஒரு யுகம். வேலைக்குப் போனேன். முழங்கையை உள்ளே வைத்துக்கொண்டு, இரண்டு மடங்கு கஷ்டப்பட்டு ஓட்டினேன். குண்டலுபேட்டையில் பஸ் திரும்புகிற இடத்திலிருந்து பார்த்தால், இரண்டு தெரு தள்ளி மச்சினர் வீட்டு மாடிக் கொடி தெரியும். குழந்தையின் துணிகள் காயும். சின்னச் சின்னதாக, வெள்ளையாக, காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். ஒரு நாளைக்கு இரண்டு டிரிப். இரண்டு தடவை அதைப் பார்ப்பேன். ஒருநாள் கொடியில் ஒன்றும் இல்லை. குழந்தைக்குக் காய்ச்சலோ, கொள்ளேகாலத்துச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்களோ என்று திரும்பி வரும் வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது. அடுத்த டிரிப்பில் துணி இருந்தது. மழைத் தூறலுக்கு எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒரு வாரம் கழித்துப் போனபோது காலில் கட்டுப் போட்டவர் அதே பெஞ்சில் இருந்தார். அன்றும் நகர்ந்து இடம் விட்டார். இந்தத் தடவை நான் உட்கார்ந்தேன். முடிவு என்ன வரும் என்று இன்னும் எனக்குத் தெரியாது, தெரியாமல்தான் உட்கார்ந்தேன். அதை மட்டும் நான் கொஞ்சம் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். எத்தனை குழந்தை என்று கேட்டார். ஒரு பெண் என்றேன். அவருக்கு இரண்டு பையன்களாம், பார்த்து நாலு வருஷம் ஆகிறதாம். சின்னவனுக்கு அடையாளம் தெரியாது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நான் எங்கள் ஊர்க் குடிசையை நினைத்துக்கொண்டேன். அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு, என் பெயரைக் கூப்பிடும்வரைக்கும் அப்படியே இருந்தேன்.

வியாதி இல்லை என்றார் டாக்டர். முழங்கைதான் காரணம். கொஞ்ச காலம் வண்டி ஓட்டக் கூடாது, முழங்கையை எதிலும் ஊன்றக் கூடாது, கையை மடக்கித் தலைக்கு வைத்துத் தூங்கக் கூடாது, படுக்கும்போது துண்டைச் சுற்றிக் கட்டிக் கையை நீட்டியே வைத்திருக்க வேண்டும். உணர்ச்சி திரும்பும், ஆனால் மெதுவாகத் திரும்பும், பொறுமை வேண்டும் என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "எனக்கெதுக்கு, அந்த ஒட்டுப் போட்டவளைக் கும்பிடுங்கோ" என்றார்.

அடுத்த பஸ்ஸில் டிக்கெட் வாங்கிக்கொண்டு, பின்சீட்டில் உட்கார்ந்து குண்டலுபேட்டைக்குப் போனேன். மனைவி வாசலுக்கு வந்து நின்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். பெண் பார்க்க வந்தபோது மறைத்ததையும் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம் வந்ததே பார்க்கணும்.

"அந்தச் சீக்கே வந்திருந்தாத்தான் என்னுங்க? உங்களைக் காட்டுல உட்டுப்போட்டு நான் சோறு திங்கற ஆளா? அஞ்சு மாசம் என்னைய அப்படித்தான நெனச்சிருக்கறீங்க?"

உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கி வந்தவள், என் மடியில் தொப்பென்று உட்கார வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே அவள் அழுகிற சத்தம் கேட்டது. குழந்தை என் சட்டைப் பையிலிருந்த சீப்பை எடுத்துச் சப்ப ஆரம்பித்தது.

அவளும் குழந்தையும் என்னோடு மைசூருக்குத் திரும்பி வந்தார்கள். பஸ் முதலாளி நல்ல மனுஷர். இரண்டரை மாதம் என்னை மைசூர் பஸ் ஸ்டாண்டில் ஆள் கூப்பிட்டு ஏற்றுகிற வேலையில் போட்டார். தினமும் படுக்கும்முன் மனைவி என் முழங்கையைச் சுற்றித் துண்டைக் கட்டுவாள். அவளுக்கு இன்னும் என்மேல் கோபம் தீரவில்லை என்பது அவள் முடிச்சை இறுக்குகிறதிலேயே தெரியும். காக்கிச் சட்டையின் ஒட்டைப் பிரித்து, உள்ளே இலவம்பஞ்சு வைத்து மறுபடி தைத்தாள். மறந்துபோய் ஊன்றினாலும் மெத்தென்று இருக்கட்டும் என்று. நான் மறுபடி வண்டி ஏறியபோது மெக்கானிக் கியரைச் சரிசெய்திருந்தார். இரண்டு கையாலும் ஓட்டினேன். முழங்கை ஜன்னலில் இல்லாததால் வழியில் கை காட்டுகிறவர்களுக்குப் பதில் காட்ட முடியவில்லை. டிரைவருக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்களாம். கண்டக்டர்தான் படியில் தொங்கிக்கொண்டு எனக்கும் சேர்த்துக் கை காட்டினான்.

விரல் மட்டும் மரத்தே கிடந்தது. சில நாள் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், பிறகு அதுவும் போய்விடும். இனி இவ்வளவுதான் போலும் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே மழை. மகளை மடியில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து அரைத்தூக்கத்தில் இருந்தேன். மழைச் சத்தம் பஸ் என்ஜின் மாதிரி ஒரே சீராக இருந்தது. நான் கபிலாப் பாலத்தின்மேல் போய்க்கொண்டிருந்தேன். பனி. என் முழங்கை ஜன்னலில் இல்லை. திடீரென்று எங்கிருந்தோ சுண்டுவிரலில் சுரீரென்று ஒரு வலி. கண்ணை விழித்துப் பார்த்தால், மகள் என் சுண்டுவிரலை வாயில் போட்டு, புதிதாக முளைத்திருந்த இரண்டு பல்லால் அழுத்திக் கடித்துக்கொண்டிருந்தாள். வலித்தது. நன்றாகவே வலித்தது. நான் விரலை எடுக்கவில்லை. "வலிக்குது புள்ள, இங்க வா, வலிக்குது" என்று மனைவியைக் கூப்பிட்டேன். அவள் ஈரக்கையோடு ஓடி வந்து பார்த்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். ஐந்து மாதம், அதற்கு மேலும் சில மாதம் கழித்து அவள் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அது.

இதெல்லாம் நடந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அந்த மகளுக்கே இப்போது தலை நரைக்க ஆரம்பித்திருக்கிறது. மார்கழிக் குளிரில் என் சுண்டுவிரல் இன்றும் லேசாக மரத்துக்கொள்ளும். மரத்தால் நான் ஒரு நிமிஷம்கூட மறைத்துவைப்பதில்லை, உடனே மனைவியைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன், அவள் வந்து நகத்தால் ஒரு கிள்ளு கிள்ளிப் பார்க்கிறாள், வலித்தால் எங்கள் இரண்டு பேருக்கும் நிம்மதி.